ஓரகடத்தில் பசியாறியது

விமானம் சென்னையில் இறங்கியதும் கைப்பேசியைத் திறந்தேன். அக்காவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: "சேகரன் போயிட்டான்டா தம்பி." எந்தச் சேகரன் என்று கேட்க வேண்டியதில்லை. பினாங்கை ஒட்டிய எங்கள் பிறைத் தொழிற்பேட்டையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் ஒருவன்தான். மலேசியாவில் எங்கள் வயதுத் தமிழர்களிடம் கம்பி சேகர் என்று சொன்னால் போதும். தமிழில் ராக் பாட முடியும் என்று எங்களுக்குக் காட்டியவன் அவன். பின்னால் வந்த பையன்கள் அத்தனை பேரும் அவனைப் போலவே முடி வளர்த்து அவனைப் போலவே மூக்கால் பாடினார்கள். குடிநுழைவு வரிசையில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, பூர்வீக மண்ணுக்கு முதல் முறை வருகிறீர்களா என்று பரிவோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை, முதல் முறைதான்.

வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. காரின் முன்பக்கத்தில் பொருத்துகிற பிளாஸ்டிக் பாகம் ஒன்றை வார்ப்பதற்கு, எங்கள் கம்பெனிக்காக ஓரகடத்தில் ஓர் அச்சு செய்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்து அதைச் சோதித்து, சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். புதன்கிழமை மாலை இறங்கினேன், ஞாயிறு இரவு விமானம். சேகரனை வியாழக்கிழமையே எடுத்துவிடுவார்கள் என்று அக்கா அடுத்த வரியில் எழுதியிருந்தாள். என் வீட்டில் இரண்டு வருஷம் படுத்து எழுந்தவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத ஊரில் வந்து நிற்கிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

என்னை ஏற்றிப்போக வந்த டிரைவர் டில்லிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் ஓரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு. கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறான். வழி முழுக்க, நம்பர் பலகை இல்லாத புதுக் கார்களைச் சுமந்த நீள லாரிகள் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தன. டில்லிக்கு அவற்றின் மேல் தீராத கோபம். இந்த ஊரில் செய்கிற கார்கள் எல்லாம் சேர்ந்து இந்த ஊர்க் கார்களை நகர விடாமல் செய்கின்றன என்றான். எங்கள் பினாங்குப் பாலத்திலும் இதே கதைதான் என்றேன். அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் என் ஓட்டலில் கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் மாதக்கணக்கில் தங்குவார்களாம். காலைச் சாப்பாட்டு மேசையில் வெண்பொங்கலுக்குப் பக்கத்திலேயே காரம் போட்ட கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய் வைக்கிறார்கள். அதைப் பொங்கலோடு பிசைந்து சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் இரவே ஒரு குழப்பம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "பசியாற எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன். அவள் பதறிப்போனாள்.

"பசி ஆறலையா சார்? கிச்சன் இன்னும் மூடல. தோசை எதுனா சொல்லட்டுமா?"

எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலை ஆகாரம். அவ்வளவுதான். அதில் பசியும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. ரொட்டி சானாய் சாப்பிட்டாலும் பசியாறுவதுதான், வெறும் காப்பியில் பிஸ்கட்டை முக்கித் தின்றாலும் பசியாறுவதுதான். அக்கா தினமும் காலையில் சந்தைக்குப் போய் வந்ததும் எனக்குப் போன் போடுவாள். நான் எந்த நாட்டில் இருந்தாலும் முதல் கேள்வி "பசியாறிட்டியா?" என்பதுதான். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. இன்னும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

வியாழக்கிழமை காலை டில்லியின் கார் டயர் பஞ்சர். நான் காத்திருக்கிற ஜாதியில்லை. ஓட்டல் வாசலில் வந்து நின்ற வெள்ளைக் கம்பெனி பஸ்ஸில் நாலு பேரோடு நானும் ஏறிவிட்டேன். பிறையில் கம்பெனி பஸ்களுக்குக் கம்பெனிக்கு ஒரு நிறம் அடித்திருக்கும். இங்கே எல்லாமே வெள்ளை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நீலத் துணி போர்த்திய இருக்கை. ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போனார்கள். நானும் தூங்கினேன். விழித்தபோது வேறு யாரோ ஒருவருடைய கம்பெனி வாசலில், பென்னலூரில் நின்றேன். காவலாளி என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். மின்கம்பத்தில் ஒரு பேனர். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் எங்கள் சேகரன், கறுப்புச் சட்டையில் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, "கம்பி சேகர் அண்ணன் மறைந்தார்." அதற்கும் கீழே, "பசி ஆறியாச்சா? ஆறவில்லை அண்ணா, ஆறவில்லை!" கடைசி வரியில், துயரில் வாடும் மூன்று ஷிப்ட் நண்பர்கள்.

நடுரோட்டில் நின்று அழுதேன். கூச்சமே வரவில்லை. இவன் வாழ்நாளில் இந்தியாவுக்கு வந்தவனே இல்லை. கடவுச்சீட்டு எடுக்கவே சோம்பல் பட்டவன். இவனுக்குப் பென்னலூர் மின்கம்பத்தில் யார் குத்துவிளக்கு ஏற்றி வைத்தார்கள்?

பஞ்சரை ஒட்டிக்கொண்டு டில்லி தேடி வந்தான். பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா சார், தெரிஞ்சவரா? கம்பி கடை வச்சிருந்தாரா?"

கிட்டார் கம்பி என்றேன். அவன் யோசித்தான். இந்தப் பக்கம் கட்டடத்துக்குக் கம்பி விற்பவர்கள்தான் பேனரில் வருவார்களாம். கம்பி நீட்டினான் என்றால் ஓடிப்போனான், கம்பி எண்ணுகிறான் என்றால் ஜெயிலில் இருக்கிறான். இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு மனுஷன் நல்லவனாக இருந்தது பெரிய விஷயம் என்றான். பிறகு வண்டியை எடுக்காமல் நான் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்காக அவன் என்ன பேசினாலும் மன்னிக்கலாம்.

மூன்று ஷிப்ட் நண்பர்களில் முதல் ஆளை அன்று பகலிலேயே பார்த்தேன். நான் சோதிக்க வந்த தொழிற்சாலையில், வார்த்து வரும் பாகங்களின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலை முத்துச்செல்விக்கு. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது, காண்டிராக்ட் வேலை. மூன்று நாளும் எனக்கு உதவியாக அவளைத்தான் போட்டிருந்தார்கள். அடையாள அட்டையின் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தாள். சூப்பர்வைசர் வந்து, லைனுக்குள் இப்படி எதுவும் ஒட்டக் கூடாது, பாகத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவள் வாதாடவில்லை. டேப்பை உரித்துத் தொப்பியின் உள்பக்கம் ஒட்டி, தொப்பியைப் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்டேன். மலேசியாவில் ஒரு பாட்டுக்காரர் இறந்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றாள்.

தெரியும், என் வீட்டில்தான் இருந்தான் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த பாகம் கீழே விழுந்தது. மூன்று நாளில் அந்தப் பெண் கைதவறவிட்ட பாகம் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து எனக்கு ராஜ மரியாதை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் வாசல் எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் ஊரில் தேநீர் கைப்பிடி வைத்த பெரிய கண்ணாடிக் குவளையில் வரும், அரைமணி நேரம் ஊர்வம்பு பேசலாம். இங்கே காகிதக் கப்பில் இரண்டு மிடறு. ஆனால் அந்த இரண்டு மிடறில் எங்கள் குவளையின் மொத்தச் சாயமும் இருக்கிறது. விடுதியில் யாரோ யூடியூபில் தேடியெடுத்த பாட்டு அறை அறையாகப் பரவிய கதையை அவள் சொன்னாள். ஷிப்ட் மாறும் பாட்டு, பஸ்ஸில் தூங்கும் பாட்டு, மேலாளருக்கு நம் பேர் தெரியாத பாட்டு. தங்கள் வேலையைப் பற்றிப் பாட ஓர் ஆள் இருக்கிறார், அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்தபோது மூன்றாவது மாடியில் ஒருவரும் தூங்கவில்லையாம்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பாட்டு. சேகரன் தொண்டை கிழியக் கத்துவானே, "பசியாறியாச்சா, பசியாறியாச்சா" என்று, கிட்டார் கூடவே அலறுமே, அது.

"அதைக் கேட்டுத்தான் ஊரை விட்டு வந்தேன் சார். மாமன் மகனைக் கட்டிக்கோன்னு அப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. நல்ல பையன்தான், வசதிதான், இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்னு எல்லாரும் கேட்டாவ. அன்னிக்குத்தான் இந்த விடுதியில இருந்த கூட்டாளி ஒருத்தி போன்ல இந்தப் பாட்ட அனுப்புனா. உன் பசி ஆறிருச்சா, இவ்வளவுதானா நீன்னு ஒருத்தர் கத்திக் கேக்காரு. எனக்கு ஆறல. மறுநாளே பஸ் ஏறிட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வீட்டோடு பேச்சு இல்லை. காலையில் அலாரமும் அந்தப் பாட்டுதான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த தெம்பைப் பார்த்தபிறகு என் வாய் ஒட்டிக்கொண்டது.

ஏனென்றால் அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசற்படியில் வந்தது. சேகரன் இரவு ஷிப்ட், அக்கா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் காலை ஷிப்ட். அவன் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டுவாள். அந்த ஒரு நிமிஷம்தான் இருவரும் பார்த்துக்கொள்வது. "பசியாறிட்டியா?" என்பாள். "இல்லக்கா" என்பான். "மேசை மேல மூடி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். பெற்றவர்கள் இல்லாத பயல் அதைப் பாட்டாகக் கட்டினான். ராக் அல்லவா, கத்தித்தான் பாடினான். சத்தத்தைக் கேட்டு இவர்கள் கோபம் என்று நினைத்துவிட்டார்கள். பேனரில் பசி என்ற சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு அடித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. இதில் எங்கள் அக்காவுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. தலைவலி என்பாள். அது தன்னுடைய வார்த்தை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இதை எப்படிச் சொல்வது? உன்னை வீட்டை விட்டுக் கிளப்பிய பாட்டு, காலையில் இட்லி சாப்பிட்டாயா என்று கேட்ட பாட்டு அம்மா என்றா? அவள் காலூன்றி நிற்கிற பலகையை நான் போய் உருவ வேண்டுமா? சொல்லவில்லை. கோழைத்தனம்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அச்சைச் சோதித்தேன். அச்சு நன்றாக இருந்தது, நான்தான் சரியில்லை. ஞாயிறு காலை வடக்குப்பட்டில், அவர்கள் தங்கியிருக்கும் கட்டடத்து மொட்டைமாடியில் அஞ்சலிக் கூட்டம் வைத்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கும் வசதியாக ஏழு மணிக்கு. நான் பேச வேண்டும், குறிப்பாக அந்த ஒரு வரியை அண்ணன் என்ன நினைத்து எழுதினார் என்று விளக்க வேண்டும் என்று செல்வி கேட்டாள். எனக்குப் பேச வராது என்றேன். அவள் முகம் சுருங்கியது. அதைத் தாங்க முடியாமல், எங்கள் வீட்டுக் கூடத்தில் சேகரன் ஒத்திகை பார்த்ததைக் கேசட்டில் பிடித்தது என் போனில் இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டுகிறேன் என்று வாய்விட்டேன். பேச்சிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை திரும்பும் வழியில் டில்லியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அட, சாப்ட்டியான்றதுக்கா இம்மாங் கத்து கத்திகினு கீறாரு?" என்றான். பிறகு கொஞ்ச தூரம் போனதும், "சொல்லாத சார். அந்தப் பொண்ணு பாவம்" என்றான்.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் நாற்பது பேராவது இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் சேகரன் படத்தைச் சாய்த்து மாலை போட்டிருந்தார்கள். இரவு வேலை முடித்து வந்தவர்கள் சீருடையிலேயே சுவரோரம் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், தேனி என்று பல ஊர்ப் பேச்சும் கலந்து கேட்டது. காயல்பட்டினத்து ஆள் ஒருவர் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தையை என்றைக்கோ அவிழ்த்திருப்பார், அவர்கள் வீடுகளில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் நேரம், ஒருவரும் இல்லை. செல்வி இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு என் போனை வாங்கி ஒரு பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தாள்.

கேசட் இரைச்சலுக்கு நடுவில் சேகரன் தொண்டையைச் செருமினான். யாரோ தட்டுமுட்டுச் சாமானை உருட்டினார்கள். அவன் சிரித்தான். முப்பது வருஷத்துக்கு முந்திய சிரிப்பு. கிட்டாரில் முதல் கம்பியைத் தட்டினான்.

அப்போது பாட்டு நின்று மணி அடித்தது. வெளியூரில் நேரக் கணக்கு மறந்துவிட்டது எனக்கு. எங்கள் ஊரில் மணி பத்தாகப் போகிறது, அக்கா சந்தையிலிருந்து வந்துவிட்டாள். போனை அணைக்கப் பாய்ந்தேன், அவசரத்தில் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டேன். அந்த ஸ்பீக்கர் வடக்குப்பட்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டது:

"தம்பி, பசியாறிட்டியா?"

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. பின்னால் ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்தார், "அண்ணன் பாட்டு." நான் ஸ்பீக்கரையும் போனையும் மாறி மாறிப் பிடித்து எதையும் நிறுத்த முடியாமல் நின்றேன். அக்கா விடவில்லை. "என்னடா சத்தத்தக் காணோம்? பசியாறியாச்சா இல்லையா?"

செல்வி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "யக்கா, நான் இங்க செல்வி பேசுதேன். நீங்க இப்பக் கேட்டீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"என்னம்மா கேள்வி இது? காலைல ஏதாவது சாப்பிட்டானான்னு கேக்குறேன். வேற எதக் கேப்பாங்க? அந்த சேகரன் பயல் இருந்தப்ப அவனையும் தினம் கேப்பேன். ராத்திரியெல்லாம் வேலை செஞ்சிட்டு வருவான், பாவம், கேக்க ஆளில்ல." அக்கா அதே மூச்சில் கேட்டாள். "நீ பசியாறிட்டியாம்மா?"

"இல்லக்கா" என்றாள் செல்வி. அச்சாக எங்கள் வீட்டு வாசற்படியில் அவன் சொன்ன அதே பதில்.

"மணி என்ன ஆகுது, போய்ப் பசியாறு மொதல்ல" என்று அதட்டிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து பாட்டு தானாகத் தொடர்ந்தது. சேகரன் கத்தினான். முதல் முறையாக அவர்கள் எல்லாரும் அதை என் காதால் கேட்டார்கள். சீருடைக்காரர் ஒருவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார்.

பாட்டு முடிந்ததும் செல்வியிடம் போய், தெரிந்தே மறைத்தேன், மன்னித்துக்கொள் என்றேன். சார் போய் அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

"ரெண்டு வருசமா தினம் காலைல அவரு என்னைச் சாப்ட்டியான்னு கேட்டிருக்காரு அண்ணாச்சி. நான் பதிலே சொல்லல பாருங்க." மூக்கை உறிஞ்சினாள். பிறகு படத்தில் சரிந்திருந்த மாலையைச் சரிசெய்தாள். "அப்ப ஊரை விட்டு யாரும் கெளப்பல. நானாத்தான் வந்திருக்கேன்."

ஆமாம் என்றேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவள் காலுக்குக் கீழே இருந்தது பலகை இல்லை, அவளுடைய சொந்தக் கால்தான் என்பதை அவளே சொல்லிவிட்டாள்.

டில்லி அதற்குள் இரண்டு பெரிய பொட்டலத்தில் இட்லியும் வடகறியும் வாங்கி வந்துவிட்டான். வடகறி எங்கள் ஊரில் கிடையாது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். செல்வி ஒரு வாழையிலைப் பொட்டலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். விமானத்துக்கு முன்னால் பெட்டி கட்ட வேண்டும் என்று நானும் பின்னாலேயே இறங்கினேன்.

இரண்டாவது மாடியில் அவள் அறை. கூட இருக்கும் ஜெபராணி வேறு கம்பெனி, எதிர் ஷிப்ட். ஒரே பாயில் படுக்கிறார்கள், ஆனால் வாரத்தில் பேசிக்கொள்வது பத்து வார்த்தை என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்காக ஜெபராணி கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பில், ஒரு கால் அறைக்குள். கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"பசியாறிட்டியா?" என்று கேட்டாள் செல்வி.

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள். "என்னட்டி, அண்ணன் பாட்டா?"

"இல்ல" என்றாள் செல்வி, பொட்டலத்தை அவள் கையில் திணித்துக்கொண்டே. "சும்மாத்தான் கேட்டேன்."